பழைய காருக்கு ‘இன்ஜின் வேலை’யா? கொஞ்சம் பொறுங்க!

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வெள்ளை நிற மாருதி 800 நான்காவது வளைவிலேயே திணறிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தும் இழுவை இல்லை. முதல் கியருக்கு மாற்றினால் வண்டி உதறுகிறது. பின்னால் வந்த பஸ் ஹாரனை நிறுத்தவே இல்லை. ஓட்டி வந்தவர் காரை ஓரங்கட்டி, இடம் பார்த்துத் திருப்பி, மெதுவாக இறங்கி வீட்டுக்கே வந்துவிட்டார்.

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். 1997-ல் வாங்கிய கார். மகன் ஸ்கூலுக்குப் போனது, மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனது எல்லாம் இதில்தான். இப்போதும் மாதம் ஒரு முறை மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது இதில்தான்.

பக்கத்துத் தெரு ஒர்க் ஷாப்பில் காட்டினார். பிளக் மாற்றினார்கள். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஒரு வாரம் கழித்தும் அதே கதை. “ரிங் போயிடுச்சு சார். இன்ஜினை இறக்கி ரீபோர் பண்ணணும். முப்பத்தஞ்சாயிரம் ஆகும்” என்றார்கள். காரை விற்றாலே கையில் நிற்கிற பணம் அவ்வளவு இருக்காது. சென்னையிலிருந்து மகன் போனில் சொன்னார்: “ஸ்க்ராப்புக்குப் போட்டுடலாம்பா. எதுக்கு வீண் செலவு?”

முப்பத்தஞ்சாயிரமா, ஸ்க்ராப்பா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, உண்மையில் என்ன கோளாறு என்று யாராவது கண்டுபிடித்தார்களா? அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் பணம் கரைவது இந்த இடத்தில்தான்.

முதலில் கேள்வி, பிறகுதான் ஸ்பேனர்

நண்பர் ஒருவர் சொல்லி, அவர் காரை இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அறுபது வயதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாய் கேட்க ஆரம்பித்தார்.

“எப்பலேர்ந்து சார் இப்படி? திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சா?”

“ஆறு மாசமா கொஞ்சம் கொஞ்சமா, பாய்.”

“காலைல ஸ்டார்ட் பண்ணும்போது எப்படி?”

“காலைல நல்லாத்தான் இருக்கு. சூடானதும்தான் தடுமாறுது. சிக்னல்ல நின்னா ஆடுது. வேகமாப் போனா அவ்வளவு தெரியல.”

“கேஸ் கிட் போட்டு ஓட்டினீங்களா?”

“நாலஞ்சு வருஷம் ஓட்டினேன். அப்புறம் கழட்டிட்டேன்.”

பாய் தலையாட்டிக்கொண்டார். டாக்டர் மருந்து எழுதுவதற்கு முன்பு கேட்கிற கேள்விகள் போலத்தான் இவையும். கோளாறு எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் மட்டும் தகராறு என்றால் சோக், பேட்டரி, பிளக் பக்கம் பார்க்க வேண்டும். மழை பெய்தால் மட்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், பிளக் ஒயர். ஸ்பீடு எடுத்தால் மட்டும் என்றால் பெட்ரோல் போதவில்லை. நிற்கும்போது மட்டும் ஆட்டம் என்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை.

மலையில் இழுவை குறைவது ஓரளவுக்கு இயற்கை. உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் சக்தியை இழக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். உச்சிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மந்தமானால் அது கோளாறு இல்லை. நான்காவது வளைவிலேயே திணறினால், அது மலையின் குற்றம் இல்லை.

குற்றவாளி இன்ஜின்தானா?

இழுவை இல்லை என்றதும் எல்லோர் கையும் பானெட்டுக்குத்தான் போகிறது. ஆனால், இன்ஜின் நன்றாக இருந்தும் கார் இழுக்காமல் போகும்.

கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. மேட்டில் இது நன்றாகத் தெரியும். பிரேக் முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரிதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டுகிறது. தொட்டுப் பார்க்கக் கூடாது, சுட்டுவிடும். டயரில் காற்று குறைவாக இருந்தாலும் கார் கனக்கும். சமதளத்தில் நியூட்ரலில் வைத்து ஒரு ஆள் தள்ளினால் மாருதி 800 சுலபமாக உருள வேண்டும். உருளவில்லை என்றால் இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை.

பாய் இவற்றைப் பார்க்க எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடம். கிளட்ச், பிரேக், டயர் எல்லாம் சரி.

நான்கே நான்கு விஷயம்

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, 2014 ஜனவரி வரை உற்பத்தியில் இருந்தது. 796 சி.சி., மூன்றே சிலிண்டர். நான்கு சிலிண்டர் அம்பாசடரில் ஒன்று படுத்தால் கால்வாசி பலம் போகும். மாருதி 800-ல் ஒன்று படுத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மலையில் கார் நின்றுபோக அதுவே போதும்.

எந்த பெட்ரோல் இன்ஜினுக்கும் வேண்டியவை நான்கு: காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தம். அந்த அழுத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் ‘கம்ப்ரஷன்’ என்கிறார்கள். சோதிக்கும்போது செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி, செலவு அதிகமானதைக் கடைசியில் வைக்க வேண்டும். பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது.

காற்று: ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவ வேண்டும். அடைத்த ஃபில்டருடன் ஓடும் கார்பரேட்டர் கார் கறுப்புப் புகை விடும், பெட்ரோலையும் கூடக் குடிக்கும். இதற்கு நேர்மாறானது, வரக்கூடாத வழியில் காற்று வருவது. இன்ஜினைச் சுற்றியுள்ள மெல்லிய வேக்குவம் ரப்பர் குழாய்கள் பத்து வருடத்தில் காய்ந்து வெடித்துவிடும். நிற்கும்போது ஆட்டம், ‘உஸ்’ என்ற சத்தம் இரண்டும் இருந்தால் முதலில் அந்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். மாற்றுவதற்குச் சில பத்து ரூபாய்தான் ஆகும்.

பெட்ரோல்: நன்றாக ஓடிய கார் சில கிலோமீட்டரில் அணைந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறதா? அடுத்த முறை அணையும்போது டேங்க் மூடியைத் திறந்து பார்க்கலாம். காற்று ‘புஸ்’ என்று உள்ளே இழுக்கப்பட்டால் மூடியின் காற்றுத் துளையோ டேங்கின் காற்றுக் குழாயோ அடைத்திருக்கிறது. பெட்ரோல் ஃபில்டரில் துரு சேர்ந்தால் சமதளத்தில் ஓடும் கார் மேட்டில் படுத்துவிடும். மே மாத வெயிலில் அம்பாசடர் டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டது பலருக்கு ஞாபகம் இருக்கும். சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்ப்பால் இழுக்க முடியாது. ஈரத்துணி அதைக் குளிரவைக்கும்.

ஸ்பார்க்: பிளக்கைக் கழற்றினால் அதன் முனையே வியாதியைச் சொல்லும். பால் காபி நிறம் என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஆயில் ஈரம் என்றால் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது சூடு அதிகம். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், வெடித்த பிளக் ஒயரில் நீலப்பொறி தெறிப்பது தெரியும். கையால் தொடக் கூடாது, ஷாக் பலமாக அடிக்கும். அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பாயின்ட், கன்டென்சர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

புகைச் சீட்டு ஒரு பிளட் டெஸ்ட்

“புகை சர்டிபிகேட் இருக்கா சார்?” என்று பாய் கேட்டபோது, போலீஸ் கேட்பது போல இருந்ததாகச் சொல்லிச் சிரிக்கிறார் கார்க்காரர்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து டேஷ் போர்டில் போட்டுவிடுகிற அந்தச் சீட்டில் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று கார்பன் மோனாக்சைடு. இது உயர்ந்தால் பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது என்று அர்த்தம். கார்பரேட்டர் செட்டிங், சோக், ஏர் ஃபில்டர் பார்க்க வேண்டும். இன்னொன்று ஹைட்ரோகார்பன், அதாவது எரியாமல் வெளியேறும் பெட்ரோல். இது மட்டும் உயர்ந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் ‘மிஸ்’ ஆகிறது.

பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு வரம்பு, கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம். பாஸா, ஃபெயிலா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் வழக்கம். பழைய சீட்டுகளை வரிசையாக வைத்தால், காரின் உடல்நிலை எப்போது மாற ஆரம்பித்தது என்பது தெரிந்துவிடும். இந்த மாருதியின் சீட்டுகள் எல்லாமே பாஸ். ஆனால், கடைசி இரண்டிலும் ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தது. கார்பன் மோனாக்சைடு அப்படியே இருந்தது. அதாவது, முதல் ஒர்க் ஷாப்பில் கழுவிய கார்பரேட்டரில் கோளாறே இல்லை!

ஒரு ஸ்பூன் ஆயில் சொன்ன தீர்ப்பு

ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியாக நிறுத்திப் பார்த்தார் பாய். ஒன்றாவதை நிறுத்தினால் இன்ஜின் தள்ளாடியது. மூன்றாவதை நிறுத்தினாலும் அப்படியே. இரண்டாவதை நிறுத்தியபோது எந்த வித்தியாசமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாதவன் லீவு போட்டால் ஆபீஸில் யாருக்குத் தெரியும்? (இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது. ஷாக் அடிப்பதோடு, எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள கார்களில் பாகங்களும் போய்விடும்.)

இரண்டாவது சிலிண்டரில் ஸ்பார்க் வந்தது. பெட்ரோலும் வந்தது. மிச்சம் இருந்தது கம்ப்ரஷன். சூடான இன்ஜினில் மூன்று பிளக்கையும் கழற்றி, கம்ப்ரஷன் கேஜை வைத்து செல்ஃப் அடித்தார்கள். ஒன்றாவதிலும் மூன்றாவதிலும் முள் 150-ஐத் தொட்டது. இரண்டாவதில் 95-லேயே நின்றது.

முதல் ஒர்க் ஷாப் சொன்னதுபோல ரிங் போய்விட்டதா? பாய் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை அந்தச் சிலிண்டருக்குள் ஊற்றி மறுபடி அளந்தார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து முள் நன்றாக ஏறும். ஏறவில்லை. ரிங் நிரபராதி. கசிவு மேலே, வால்வில். (பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.)

“ராத்திரி முழுக்க ஆறட்டும். காலைல வாங்க” என்றார் பாய்.

காலையில் டேப்பட் கவரைத் திறந்து ஃபீலர் கேஜை நுழைத்தார். வால்வுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி இருக்க வேண்டும். இன்ஜின் சூடாகும்போது வால்வு நீளும், அதற்காக விடும் இடம் அது. இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் அந்த இடைவெளியே இல்லை. தகடு நுழைய மறுத்தது. காலையில் இடைவெளி இல்லாத வால்வு, சூடாகி நீண்டதும் மூட முடியாமல் திறந்தே நின்றது. அழுத்தம் அந்த வழியாகத் தப்பிப் போனது. ‘காலைல நல்லா இருக்கு, சூடானதும் தடுமாறுது’ என்பதன் அர்த்தம் இதுதான்.

கேஸ் கிட் பற்றி பாய் ஏன் கேட்டார் என்பதும் இப்போது புரிந்தது. கேஸில் ஓடும்போது எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். வால்வு மேலும் மேலும் உள்ளே போய் உட்காரும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். அவ்வப்போது டேப்பட் செட்டிங் செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

ஆறு வால்வுகளையும் செட் செய்ய ஆனது முக்கால் மணி நேரம். மறுபடி சூடாக்கி அளந்தபோது இரண்டாவது சிலிண்டரில் முள் 145-ஐத் தொட்டது. கூலி எண்ணூறு ரூபாய், டேப்பட் கவர் கேஸ்கட் தனி.

“இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஓட்டியிருந்தா வால்வு கருகியிருக்கும் சார். அப்ப ஹெட்டை இறக்கித்தான் ஆகணும்” என்றார் பாய்.

எப்போது இன்ஜின் வேலை நிஜம்?

எல்லாக் கோளாறும் எண்ணூறு ரூபாயில் முடியாது. ஆயில் ஊற்றியதும் கம்ப்ரஷன் ஏறி, கூடவே நீலப்புகையும், இரண்டு சர்வீஸுக்கு நடுவே லிட்டர் கணக்கில் ஆயில் குறைவதும் சேர்ந்தால் ரிங், போர் வேலையைத் தவிர்க்க முடியாது. ஆனால், நீலப்புகை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல்தான். அதற்கு முழு இன்ஜினையும் இறக்க வேண்டியதில்லை.

சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைவது, ஆயில் மூடியில் பால் ஏடு போன்ற படிவு மூன்றும் சேர்ந்தால் ஹெட் கேஸ்கட். அந்தக் காரை மெக்கானிக் கடைவரை கூட ஓட்டிப்போகாமல் இழுத்துப்போவது நல்லது.

இன்னொரு பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?’ என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கே வராமல் ஓடும். எம்.பி.எஃப்.ஐ. கார்களில் கம்ப்யூட்டர் ‘இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது’ என்று நினைத்துக் கூடுதலாக பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போவது ஒரு பக்கம், இழுவை போவது இன்னொரு பக்கம்.

2000-த்துக்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. கார்களில் கார்பரேட்டர் இல்லை. அங்கே கரி படிந்த த்ராட்டில் பாடி, சென்சார் ஒயர், ஆக்ஸிஜன் சென்சார், அடைத்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். இன்ஜின் லைட் எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது முதல் வேலை. ஆனால், ஸ்கேனர் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் காட்டும். கோட் வந்த சென்சாரை உடனே மாற்றுவதற்கு முன்பு அதன் ஒயரையும் குழாயையும் பார்க்க வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் பழைய காரில் மைலேஜ் சற்றுக் குறைவதை இன்ஜின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் ஒட்டியிருக்கும் பழைய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும், பழைய காலத்து ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். அந்தக் குழாய்களையும் ஃபில்டரையும் மாற்றிவிடுவது பாதுகாப்பு. பெட்ரோல் வாசனை அடித்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும், அது தீ விபத்தில் முடியக்கூடிய விஷயம். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால், டேங்கில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்கக் கூடாது.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

‘இன்ஜின் வேலை’ என்று சொன்னால் பதறாமல் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று: கம்ப்ரஷன் பார்த்தீர்களா, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு?

இரண்டு: ஆயில் ஊற்றிப் பார்த்தபோது ஏறியதா?

மூன்று: டேப்பட், டைமிங், வேக்குவம் குழாய் மூன்றும் பார்த்தாகிவிட்டதா?

பதிலை எண்ணோடு சொல்கிற மெக்கானிக்கை நம்பலாம். ‘சத்தத்தை வச்சே சொல்றேன்’ என்பவரிடம் மரியாதையாக ‘யோசிச்சுட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டு வரலாம். ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றவும் கூடாது. கார் சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது, கழற்றிய மூன்று நல்ல பாகங்களின் காசும் போயிருக்கும். ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைப்பது நல்லது. ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அந்த நோட்டு உதவும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வெள்ளை மாருதி மறுபடி அடிவாரத்துக்கு வந்தது. பக்கத்து சீட்டில் மனைவி. நான்காவது வளைவை இரண்டாவது கியரிலேயே கடந்தது. இருபதாவது வளைவைத் தாண்டியதும் மகனுக்குப் போன் போட்டார் அம்மா.

“ஸ்க்ராப்புக்குப் போடணும்னியே, அந்தக் கார்லதான்டா ஏற்காடு வந்திருக்கோம்.”